ரோசாவின் நோயும் மனிதனின் தெரிவும்

1952-ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 5-ஆம் நாள் இலண்டன் மாநகரை ஒரு பெரும் புகைமூட்டம் கவ்விக்கொண்டது. ஐந்து நாட்களாக அது அகலவில்லை. வீட்டு அடுப்புகளிலும் ஆலைகளிலும் எரிந்த நிலக்கரியின் புகை மூடுபனியோடு கலந்து நிலத்தின்மேற் படிந்தது. நண்பகலிலும் விளக்கேற்ற வேண்டியதாயிற்று. மூச்சுத் திணறி மாண்டோர் பல்லாயிரவர். அத்துயரின் விளைவாக 1956-இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தூய காற்றுச் சட்டத்தை இயற்றிற்று. அதன் பின்னர் அந்நாட்டு நகரங்களின் வானம் சிறிது சிறிதாகத் தெளிந்தது.

வானம் தெளிந்தபோது, எவரும் எதிர்பாராத ஒரு மாற்றம் வீட்டுத் தோட்டங்களிலே தோன்றியது. கைத்தொழில் நகரங்களில் ரோசா வளர்த்தோர் கரும்புள்ளி நோயைப் பற்றி அதிகம் கவலை கொண்டதில்லை. நாட்டுப்புறத் தோட்டங்களை வாட்டிய அந்நோய் நகரத் தோட்டங்களை அணுகாதிருந்தது. இப்பொழுதோ நகரத்துச் செடிகளின் இலைகளிலும் கரிய புள்ளிகள் தோன்றின. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. இதன் காரணத்தை ஆராய்ந்த சாண்டர்சு என்னும் அறிஞர் 1966-இல் தமது முடிவை வெளியிட்டார். நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகவீரொட்சைட்டு என்னும் வாயுவே அந்நோயின் பங்கசை வளரவிடாது தடுத்திருந்தது என்பதை அவர் ஆய்வு காட்டிற்று.

நேயர்களே, இச்செய்தியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். நூறாண்டுக்கு மேலாக அந்நகர மக்கள் தாம் அறியாமலே தம் ரோசாச் செடிகளுக்குக் கந்தக மருந்து விசிறிவந்தனர். அம்மருந்தையே தாமும் தம் மக்களும் சுவாசித்தனர். பூவுக்கு நலம் செய்தது மனிதனுக்கு நஞ்சாயிற்று. ரோசாவின் நோயை நஞ்சின்றித் தடுப்பது எவ்வாறு என்னும் கேள்வி தோட்டக்காரனுடைய சிறு கேள்வி போலத் தோன்றலாம். ஆயினும், அதன் பின்னே ஒரு நெடிய வரலாறு உண்டு. ரோசாவின் நோய்களில் பெரும்பங்கு இயற்கை தந்தது மட்டுமன்று. மனிதன் செய்த தெரிவுகளால் வளர்ந்தது என்பதே அவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தி.

முதலில் பகைவனை அறிந்துகொள்வோம். கரும்புள்ளி நோய்க்குக் காரணமான பங்கசை 1827-இல் விவரித்துப் பெயரிட்டவர் மரி-ஆன் லிபேர் என்னும் அம்மையார். பெல்சியத்தின் மல்மெடி என்னும் சிற்றூரில் வாழ்ந்து, பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் திறவாத அக்காலத்திலே தாமே முயன்று தாவரவியல் கற்ற பெருமாட்டி அவர். அப்பங்கசின் வாழ்க்கை வட்டத்தில் அதுவரை மறைந்திருந்த ஒரு பருவத்தை 1912-இல் அமெரிக்க அறிஞர் வுல்ப் கண்டறிந்தார். உதிர்ந்து கிடக்கும் இலைகளிலே குளிர்காலத்தைக் கழித்து, இளவேனிலில் மீண்டும் எழுவது அதன் இயல்பு. நோயுற்ற தண்டுகளிலும் அது தங்கியிருக்கும்.

இப்பங்கசின் வலிமையும் தண்ணீரே, வலுவின்மையும் தண்ணீரே. அதன் வித்திகள் காற்றிலே எளிதிற் பறப்பவை அல்ல. மழைத்துளி வீழ்ந்து தெறிக்கும்போதும், குழாய்நீர் இலைமேற் பாயும்போதும் அவை ஓரிலையிலிருந்து மற்றோரிலைக்குத் தாவுகின்றன. தாவிய வித்தி முளைத்து இலையினுள்ளே புகுவதற்கு அவ்விலை ஏறக்குறைய ஏழு மணி நேரமாவது தொடர்ந்து நனைந்திருத்தல் வேண்டும். அதற்குமுன் இலை உலர்ந்துவிடுமாயின் நோய் தொற்றுவதில்லை. இந்த ஏழு மணி நேரத்தை நேயர்கள் மனத்திலே இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். மருந்தில்லாத் தடுப்பு முறைகளுட் பெரும்பாலானவை இவ்வொரு கணக்கின்மீதே நிற்கின்றன.

ரோசாவின் மற்றொரு பகையாகிய சாம்பல் நோயின் குணமோ இதற்கு நேர்மாறானது. இளந்தளிரிலும் மொட்டிலும் வெண்ணிற மாப்பூசினாற்போற் படரும் அந்நோய்க்கு இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. உலர்ந்த பகலும் ஈரக்காற்றுள்ள இரவும் அதற்கு உகந்தவை. அதன் வித்திகள் காற்றிற் பறந்து செல்வன. எனவே ஒரு நோய்க்குச் செய்யும் பரிகாரம் மற்றதற்குப் பொருந்தாது. பகைவர் இருவர்; அவர்கள் வரும் வாயில்களும் இரண்டு.

இனி, வரலாற்றுக்கு வருவோம். கிறித்துவுக்கு முன் நான்காம், மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தியோபிராசுத்தர் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலிலே ரோசாவையும் விரித்துரைக்கின்றார். ரோசாச் செடியை வெட்டியும் எரித்தும் விட்டால் அது சிறந்த பூக்களைத் தரும் என்பது அவர் பதிந்துவைத்த செய்தி. பங்கசு என்பதொன்று உண்டென அறியாத காலம் அது. எனினும், பழைய தண்டும் சருகும் நெருப்புக்கு இரையாகும்போது அவற்றிலே தங்கும் நோயும் உடனழியும் என்பதை இன்று நாம் உணர்கிறோம். காரணம் தெரியாமலே கையாளப்பட்ட நல்ல வழக்கங்களுள் இதுவும் ஒன்றெனலாம்.

ஐரோப்பாவின் பழைய ரோசாக்களுட் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பூத்தன. பூத்து முடிந்தபின் அவற்றின் இலையிற் புள்ளி விழுந்தாலும் தோட்டக்காரன் பெரிதாக வருந்தவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சீன நாட்டு ரோசாக்கள் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்தன. அவை மாதந்தோறும் பூக்கும் வரத்தைக் கொண்டுவந்தன. அவற்றோடு கலந்து பிறந்த புதிய ரோசாக்கள் வேனில் முழுவதும் பூத்தன. ஆனால் வேனில் முழுவதும் பூக்க வேண்டிய செடிக்கு வேனில் முழுவதும் இலை வேண்டும். இலை உதிர்ந்தால் அடுத்த பூவுக்கு உணவில்லை. மனிதன் பூவைப் பெருக்கினான். அதனோடு இலைநோயால் வரும் இழப்பும் பெருகிற்று.

இரண்டாவது தெரிவு நிறத்தைப் பற்றியது. பெருமலரும் நறுமணமும் உள்ள தோட்ட ரோசாக்களிலே ஆழ்ந்த மஞ்சள் நிறம் இல்லாதது நெடுநாட் குறையாயிருந்தது. மேற்காசியாவின் வறண்ட நிலத்து ரோசாவாகிய 'பாரசீக மஞ்சள்' என்பதிலே அந்நிறம் இருந்தது. 1830-களின் பிற்பகுதியில் அச்செடி இங்கிலாந்தை அடைந்தது. பிரான்சின் இலியோன் நகரில் வாழ்ந்த யோசேப் பேர்னே-தூசே என்னும் ரோசா வளர்ப்பாளர் அதனைத் தோட்ட ரோசாவோடு கலக்கப் பல்லாண்டு முயன்றார். மகரந்தம் பெரும்பாலும் பயன்தரவில்லை, காய்கள் உதிர்ந்தன, விதைகள் முளைக்கவில்லை. முடிவில் 1900-இல் 'சோலேய் தோர்', அதாவது பொற்கதிரவன், என்னும் ரோசாவை அவர் உலகுக்கு அளித்தார். அதன் வழியே 1910-இல் தூய மஞ்சள் நிறமுள்ள 'ரெய்யோன் தோர்' பிறந்தது.

அவருடைய உழைப்பின் பின்னே ஒரு துயரமும் உண்டு. தம் தொழிலைத் தொடர்வார்கள் என அவர் நம்பியிருந்த மைந்தர் இருவரும் முதலாம் உலகப் போரில் மாண்டனர். மூத்தவன் நினைவாக 1920-இல் 'சுவனீர் த குலோதியு பேர்னே' என்னும் மஞ்சள் ரோசாவை அத்தந்தை வெளியிட்டார். 1945 ஏப்பிரல் 29-ஆம் நாள், ஐரோப்பாவிற் போர் முடியுந் தறுவாயில், 'சமாதானம்' எனப் பொருள்படும் 'பீஸ்' என்ற பெயர் சூட்டப்பெற்ற புகழ்மிக்க ரோசாவின் மூதாதையருள் அம்மஞ்சள் ரோசாவும் ஒன்று.

ஆயினும், பாரசீக மஞ்சள் தன் நிறத்தை மட்டும் தரவில்லை. கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகும் தன்மையையும் உடன் தந்தது என்பது ரோசா அறிஞர் பலரின் கருத்து. வறண்ட நாட்டிலே வாழ்ந்த அச்செடிக்கு நனைந்த இலையின் நோயை எதிர்த்து நிற்கத் தேவை இருந்ததில்லை. அதன் குருதி ஏறக்குறைய எல்லா நவீன ரோசாக்களிலும் கலந்தது. மஞ்சளையும் செம்மஞ்சளையும் கண்டு மகிழ்ந்த நாம் அவற்றின் விலையை இலைகளிலே செலுத்தினோம்.

அவ்விலையைக் குறைக்க மனிதன் நாடியது மருந்தை. மருந்து விசிறும் வழக்கத்தைத் தோட்டங்களுக்குக் கற்பித்தவை பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள். 1845-இல் இங்கிலாந்தின் மார்கேற் என்னும் ஊரில் தக்கர் என்ற தோட்டக்காரர் திராட்சைக் கொடியில் ஒரு வெண்சாம்பல் நோயைக் கண்டார். பேர்க்லி என்னும் பாதிரியார் அப்பங்கசுக்குத் தக்கரின் பெயரையே சூட்டினார். சில ஆண்டுகளில் அது பிரான்சின் மது உற்பத்தியைச் சீர்குலைத்தது. கந்தகத் தூள் அதனை அடக்கிற்று. அடுத்து வேறொரு பங்கசு வந்தபோது, போர்தோ நகரப் பேராசிரியர் மில்லார்தே ஒரு புதுமையைக் கவனித்தார். வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்க வேண்டுமென்று சாலையோரக் கொடிகளுக்கு விவசாயிகள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் பூசியிருந்தனர். அக்கொடிகள் மட்டும் நோயின்றி நின்றன. 1885-இல் அவர் வெளியிட்ட போர்தோக் கலவை உலகெங்கும் பரவி, ரோசாப் பாத்திகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஈண்டு நம் நாட்டு வரலாறும் குறுக்கிடுகின்றது. திராட்சையின் பங்கசுக்குப் பெயரிட்ட அதே பேர்க்லிதான், 1869-இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களிலிருந்து சென்ற நோயுற்ற இலைகளை ஆராய்ந்து, கோப்பித் துரு நோயின் பங்கசையும் புரூம் என்பவரோடு சேர்ந்து விவரித்தார். 1880-இல் இளைஞர் மார்ஷல் உவார்டு அந்நோயை ஆராய இங்கு வந்தார். இரண்டாண்டு உழைத்து, வித்திகள் காற்றிற் பரவுவதையும் இலையினுட் புகுவதையும் அவர் தெளிவாக்கினார். மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டமையே நோய்க்குப் பெருவாயிலாயிற்று என்பது அவர் ஆராய்ச்சி தந்த பாடம். அந்நோயை நிறுத்த அன்று மருந்தொன்றும் வாய்க்கவில்லை. கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. நோய் என்பது பங்கசினால் மட்டும் வருவதன்று, நடும் முறையாலும் வருவது என்னும் அப்பாடத்தை இவ்வுரையின் இறுதியில் மீண்டும் நினைக்க நேரும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செயற்கைப் பங்கசுகொல்லிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வாரந்தோறும் மருந்து விசிறுவது நல்ல ரோசாத் தோட்டத்தின் இலக்கணமென்றே கருதப்பட்டது. 1968-இல் பெனோமில் என்னும் மருந்து அறிமுகமாயிற்று. செடியின் உள்ளே ஊடுருவிச் சென்று காக்கும் அதனைப் பலரும் பெரும் வரமென்று கொண்டாடினர். ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே அதனை எதிர்த்து வாழும் பங்கசுகள் பல பயிர்களிலே தோன்றின. 2001-இல் அதன் உற்பத்தியையே நிறுத்துவதாக அறிவிக்கப்பட்டது. இதற்கிடையே, 1962-இல் இரேச்சல் கார்சன் அம்மையார் எழுதிய 'மௌன வசந்தம்' என்னும் நூல், பூச்சிகொல்லி நஞ்சுகள் பறவைக்கும் மீனுக்கும் மனிதனுக்கும் விளைக்கும் கேட்டை உலகறியச் செய்திருந்தது. இலண்டன் புகை கற்பித்த பாடமே வேறொரு வடிவில் மீண்டும் வந்தது எனலாம்.

மருந்து பெருகிய காலத்திலேயே வேறு வழி தேடியோரும் இருந்தனர். அவருள் ஒருவர் ஜேர்மானியரான வில்லெம் கோர்டெசு. 1914-இல் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்திலே ஒரு ரோசாப் பண்ணை நடத்திவந்தார். பகைநாட்டவர் என்பதனால் மான் தீவில் நான்காண்டுகள் அடைத்துவைக்கப்பட்டார். அச்சிறைவாசத்தைப் பாரம்பரியவியலும் ரோசாக் கலப்பும் கற்கும் காலமாக அவர் ஆக்கிக்கொண்டார். இலியோனின் தந்தை மைந்தரை இழந்த அதே போர், இவருக்குக் கல்விச்சாலையாயிற்று.

கோர்டெசு நாடியது நலமுள்ள, குளிர் தாங்கும் செடி. கிழக்காசியாவின் காட்டு ரோசாக்கள் இரண்டின் கலப்பாகிய 'மக்சு கிராவு' என்னும் படரும் ரோசாவின் இலைகள் பளபளப்பும் உறுதியும் வாய்ந்தவை. ஆனால் அது மலட்டுச் செடி. அவர் பல்லாண்டு காத்திருந்தார். 1940-ஆம் ஆண்டளவில் அது ஒருசில விதைகளைத் தந்தது. அவற்றிலிருந்து எழுந்த ஒரு நாற்றில் நிறமூர்த்தங்கள் தாமாகவே இரட்டித்து, 14 என்பது 28 ஆகியிருந்தது. அவ்வெண்ணே பெரும்பாலான தோட்ட ரோசாக்களின் எண்ணுமாதலால், காட்டுச் செடியின் உரம் தோட்டத்துச் செடிக்குட் புக வழி திறந்தது. 1955-இல் வெளிவந்த 'டோட்மண்ட்' என்னும் செந்நிறக் கொடி ரோசா அந்நாற்றின் வழிவந்தது. 1950-ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிலே புதிய ரோசாக்களைப் பல ஊர்களில் ஆண்டுக்கணக்காகச் சோதிக்கும் முறையொன்று தொடங்கிற்று. 1990-களின் இறுதியிலிருந்து அச்சோதனை நிலங்களில் மருந்து விசிறுவது அறவே விலக்கப்பட்டது. தன் வலிமையால் நிற்கும் செடிக்கே சான்றிதழ் கிடைக்கும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரிபித் பக் என்னும் பேராசிரியர் இன்னும் எளிய வழியைக் கையாண்டார். தம் நாற்றுகளை நட்டார், மருந்து விசிறவில்லை, கடுங்குளிருக்குப் போர்வையும் இடவில்லை. மாண்டவை மாள, எஞ்சியவற்றை மட்டும் பேணினார். 1977-இல் வந்த 'கெயர்பிரீ பியூட்டி' அவருடைய செல்வங்களுள் ஒன்று. விசுகொன்சின் மாநிலத்து வில்லியம் இராட்லர் அதற்கும் ஒருபடி மேலே சென்றார். நோயுற்ற இலைகளைத் திரட்டி, உலர்த்தி, பொடியாக்கி, அப்பொடியைத் தம் நாற்றுகளின்மேற் தூவினார். நோயைத் தேடிக் கொண்டுவந்து சோதித்த அவருடைய தோட்டத்திலே, பக்கின் ரோசாக்களின் வழித்தோன்றலாக, 2000-இல் அறிமுகமான 'நொக் அவுட்' என்னும் ரோசா பிறந்தது. கரும்புள்ளியை எதிர்த்து நின்ற அச்செடியை மக்கள் வீடுகளிலும் வீதியோரங்களிலும் ஆயிரமாயிரமாக நட்டனர்.

வெற்றி முழுமையாயிற்று என்று எண்ணிய வேளையிலே வேறொரு நோய் எழுந்தது. ரோசாவின் தளிர்களைத் துடைப்பம்போற் கொத்துக் கொத்தாகத் திரித்து, செடியையே மாய்க்கும் அந்நோய் 1940-களின் தொடக்கத்திலேயே வட அமெரிக்காவில் அறியப்பட்டது. அதற்குக் காரணம் ஒரு வைரசு என்பது 2011-இல் தெளிவாயிற்று. கண்ணுக்குப் புலனாகாத சிற்றுண்ணி ஒன்று காற்றிலே மிதந்து அதனைப் பரப்புகின்றது. கரும்புள்ளியை வென்ற 'நொக் அவுட்' இதற்குத் தோற்றது. ஒரே இனத்தை வரிசை வரிசையாக நெருக்கி நட்ட இடங்களில், சிற்றுண்ணி ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குச் செல்ல வழி எளிதாயிற்று. நம் மலைகளிலே கோப்பிக்கு நேர்ந்ததையே இது நினைவூட்டுகின்றது அல்லவா? நோய் எதிர்ப்புள்ள ஓரினம் போதாது. பல இனங்கள் கலந்து நிற்றல் வேண்டும். கரும்புள்ளிப் பங்கசிலும் பல உள்ளினங்கள் இருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஓர் உள்ளினத்தை வென்ற செடி மற்றொன்றுக்கு இரையாகக்கூடும்.

இவ்வரலாறு நம் வீட்டுத் தோட்டத்துக்குக் கூறும் அறிவுரை என்ன? 1861-இல் சிங்கோனாப் பயிருக்கென அமைக்கப்பட்டு, இன்று ரோசா மலர்களுக்கும் பேர்பெற்று விளங்கும் ஹக்கலைப் பூங்காவைக் கண்ட நேயர்கள், நுவரெலியா மலைகளின் மூடுபனியையும் கண்டிருப்பார்கள். பனி படிந்த இலை நெடுநேரம் உலர்வதில்லை. ஆகவே அந்த ஏழு மணிக் கணக்கு நம் மலைநாட்டுக்கு மிகவும் பொருந்தும்.

செடிகளை நெருக்கி நடாது, காலை வெயிலும் காற்றும் புகும் இடத்தில் இடைவெளி விட்டு நடுக. உட்புறம் அடர்ந்த கொம்புகளைக் கத்தரித்துக் காற்றுக்கு வழி செய்க. தண்ணீரை இலைமேற் பாய்ச்சாது வேரடியில், காலை வேளையில் ஊற்றுக. செடியடியில் வைக்கோலோ நோயற்ற சருகோ பரப்பினால், மழைத்துளி மண்ணிலுள்ள வித்தியை இலைக்குத் தெறிக்க இடமில்லை. வேரடியும் வறளாதாகையால் சாம்பல் நோயின் வேகமும் தணியும். தழைச்சத்து உரத்தை மிகையாக இட்டு மென்தளிரைப் பெருக்குவது சாம்பல் நோய்க்கு விருந்து வைப்பதாகும். புள்ளி விழுந்த இலையை அன்றே கிள்ளுக. உதிர்ந்த இலையையும் நோயுற்ற தண்டையும் கூட்டெருக் குழியில் இடாது அப்புறப்படுத்துக. எல்லாவற்றிற்கும் மேலாக, அண்டை அயலில் மருந்தின்றியே நன்கு வளரும் இனங்கள் எவையெனக் கண்டறிந்து, அவற்றுட் பலவற்றைக் கலந்து நடுக.

இவ்வளவும் செய்தபின்னும் சில இலைகளிற் சில புள்ளிகள் இருக்கவே செய்யும். புள்ளியே இல்லாத இலை கைத்தொழில் நகரத்துத் தோட்டங்களிலே ஒரு காலத்தில் இருந்தது. அதனைத் தந்த புகையை மீண்டும் விரும்புவார் எவருமிலர். சிற்சில புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் மருந்தில்லாத் தோட்டத்துக்கு வேண்டிய கருவிகளுள் ஒன்றே. தோட்டத்திலே முதலில் நலமுறவேண்டியது அங்கே மூச்சுவிடும் மனிதனும், மண்ணைத் தொட்டு விளையாடும் குழந்தையுமே அன்றோ?